ஒரு டம்ளருக்கு நாற்பது பழம்

ஆரணியில் பட்டுப் புடவை எடுக்கும்போது பெரியவர்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. முந்தானை ஓரத்தில் தொங்கும் இழைகளில் ஒன்றைப் பிய்த்து நெருப்பில் காட்டுவார்கள். முடி கருகும் வாடை வர வேண்டும். எரிந்த முனையை விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிர வேண்டும். உருகி உருண்டையாகக் கெட்டித்துப்போனால் அது பட்டில்லை. தறி வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

அதே வீட்டில் விடிகாலையில் டிகாஷன் இறங்குகிறதே, அந்தத் தூளுக்கும் ஒரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் பிடித்து, தூளை ஒரு சிட்டிகை மேலாகத் தூவுங்கள். கலக்க வேண்டாம். வறுத்த காபித் தூளில் எண்ணெய்ப் பசையும் வாயுவும் இருப்பதால் அது கொஞ்ச நேரம் மிதந்துகொண்டே இருக்கும். சிக்கரி தண்ணீரைக் குடித்து, பழுப்புக் கோடு இழுத்தபடி அடிக்கு இறங்கும். ஐந்து நிமிடத்தில் உங்கள் பொட்டலத்தில் எது இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துச் சேர்க்கிறார்கள். அதில் கஃபீன் கிடையாது. டிகாஷனுக்குக் கனமும் நிறமும் கொடுக்கும். பிடித்தவர்கள் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்து குடிக்க வேண்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் அளவையும் உறையின்மேல் அச்சிட வேண்டும்.

தண்ணீர்ச் சோதனையால் இவ்வளவுதான் சொல்ல முடியும். அந்தக் காபி எந்த மலையில் விளைந்தது, பறித்தவருக்கு என்ன கூலி கிடைத்தது, செடிக்குமேல் நின்ற மரம் இன்னும் நிற்கிறதா என்பதையெல்லாம் விளைவித்தவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும். அப்படிச் சொல்லி, தோட்டத்திலிருந்து நேராக நம் வீட்டுக்கே காபி அனுப்புகிறவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். அவர்கள் கேட்கும் விலை ஏன் கூடுதலாக இருக்கிறது, அது நியாயமா என்று புரிய வேண்டுமானால், காபி என்ற கைத்தொழிலைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

மர நிழலில் ஒரு செடி

நாம் குடிக்கும் காபி பெரும்பாலும் இரண்டு இனம்தான்: அராபிகா, ரொபஸ்டா. இரண்டுக்கும் தாய்வீடு ஆப்பிரிக்கா. அராபிகா எத்தியோப்பியாவின் மேட்டுநிலக் காடுகளில், பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்து பழகிய செடி. ரொபஸ்டாவும் இன்னொரு காட்டுக் காபி இனமும் இயற்கையாகக் கலந்து பிறந்ததுதான் அராபிகா என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் மற்ற காபி இனங்களில் 22 குரோமோசோம்கள் இருக்க, அராபிகாவில் மட்டும் 44. மணத்திலும் சுவையிலும் நயம் மிக்கது. ஆனால் நோய்க்கும் பூச்சிக்கும் சீக்கிரம் ஆட்படும்.

பாபா புதான் என்ற சூஃபி பெரியவர் 17ஆம் நூற்றாண்டில் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இன்று இந்தியக் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. அடுத்தது கேரளம், மூன்றாவது தமிழ்நாடு. சேர்வராயன் மலையில் ஏற்காடு, பழனி மலையின் கீழ்ச் சரிவுகள், நீலகிரி, ஆனைமலை ஆகியவை நம் காபி மலைகள்.

உலகின் பல நாடுகளில் காபியை வெட்டவெளியில், சூரியனுக்கு நேர் கீழே வரிசை வரிசையாக வளர்க்கிறார்கள். நம்மிடம் ஏறக்குறைய எல்லாத் தோட்டமும் நிழல் தோட்டம். பழனி மலைச் சரிவில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தால், காட்டுக்குள் வந்துவிட்டோமா என்று தோன்றும். மேலே பலாவும் சில்வர் ஓக்கும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. நடுவில் ஆரஞ்சும் மலைவாழையும். அவற்றுக்கெல்லாம் கீழே, இடுப்பு உயரத்துக்கோ தலை உயரத்துக்கோ கவாத்து செய்த காபிச் செடி. இடையிடையே கல்யாண முருங்கையையும் நட்டிருப்பார்கள். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக மாற்றிக் கொடுக்கும்.

நிழலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அராபிகாவின் பரம எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். இந்த வண்டு பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். பொரித்த புழு தண்டைக் குடைந்துகொண்டே போகும். வெயில் படும் செடிகளைத்தான் வண்டு தேடி வருகிறது. நிழல் சரியாக இருந்தால் சேதம் குறையும். வண்டு தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆக, மரத்தை வெட்டி விற்றுக் காசு பார்ப்பவர், சில வருடங்களில் செடியையும் இழக்க நேரலாம்.

நோய் ஒரு நாட்டையே மாற்றிய கதையும் காபிக்கு உண்டு. 1869இல் இலங்கையில் இலைத் துரு நோய் தலைகாட்டியது. இருபது ஆண்டுகளுக்குள் அங்கிருந்த காபித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. மலையகத் தமிழர்களின் முன்னோர் முதலில் கூலிகளாகப் போனது தேயிலைக்கு அன்று, காபிக்குத்தான். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் பலர் பலியானார்கள். காபியின் விலையில் உழைப்பவரின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி தமிழர்களுக்கு நேற்று முளைத்ததில்லை.

கை அறியும் பக்குவம்

கோடையில் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். பெய்த ஒன்பது பத்து நாளில் மலை முழுக்க மல்லிகை வாசம் வரும். செடியின் கணுக்கள் எல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். அராபிகா பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். ரொபஸ்டாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

ஒரே கிளையில் பச்சைக் காயும், மஞ்சள் செங்காயும், இரத்தச் சிவப்புப் பழமும் சேர்ந்தே இருக்கும். நல்ல காபிக்குச் சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். அப்படியென்றால் அதே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்ப வர வேண்டும். கிளையை ஒரே உருவாக உருவிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பச்சைக் காயின் துவர்ப்பு டிகாஷனில் வந்து உட்காரும். கூலியை எடைக்குக் கொடுக்கிறார்களா, பக்குவத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்பதை வைத்துத்தான் பறிப்பவரின் கை எப்படி ஓடும் என்பது முடிவாகிறது.

பறித்த பழத்தை இரண்டு விரலால் அழுத்தினால் தோல் பிதுங்கி இரண்டு கொட்டைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். முகத்தோடு முகம் ஒட்டிய இரட்டையர்போல, தட்டையான பக்கம் உள்ளே இருக்க அடங்கியிருந்தவை. சில பழங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டையாகிவிடும். காபிக் கடையில் பீபெரி என்று கேட்டு வாங்குகிறோமே, அது இதுதான்.

பறித்த அன்றே பழத்தை பல்பர் என்ற இயந்திரத்தில் விட்டுத் தோலை உரிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் குவியல் சூடேறிப் புளித்துவிடும். உரித்த கொட்டையின்மேல் பிசுபிசுப்பான ஒரு பசை இருக்கும். அதை நீக்கத் தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஊறவைப்பார்கள். நுண்ணுயிர்கள் பசையைத் தின்று கரைக்கும். இட்லி மாவு பொங்குவதுபோல இதிலும் நேரம் காலம் உண்டு. குளிர் நாளில் தாமதமாகும், வெக்கையில் விரைவாகும். போதுமா என்று எப்படித் தெரியும்? ஒரு கைப்பிடி கொட்டையை அள்ளித் தேய்ப்பார்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல்லைத் தேய்ப்பதுபோல நறநறவென்றால் உடனே கழுவ வேண்டும். கொஞ்சம் தாண்டினாலும் புளிப்பு வாடை ஏறிவிடும், அதற்குப் பிறகு எப்படி வறுத்தாலும் போகாது.

கழுவிய கொட்டையைக் களத்திலோ, உயர்த்திக் கட்டிய வலைப் பந்தலிலோ பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் கிளறிக் கிளறிக் காயவைப்பார்கள். ஈரம் பத்துப் பதினோரு சதவீதத்துக்கு வர வேண்டும். இந்த நிலையில் கொட்டைக்கு மேல் மஞ்சள் வெளுப்பில் ஓடுபோல ஓர் உறை இருக்கும். இதற்கு பார்ச்மென்ட் என்று பெயர். பட்டிவீரன்பட்டி, கோவை போன்ற ஊர்களில் உள்ள பதப்படுத்தும் ஆலைகளில் இந்த உறையை நீக்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டுவார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்குச் சுமார் ஆறு கிலோ பழம் வேண்டும். வறுக்கும்போது எடையில் இன்னும் ஆறில் ஒரு பங்கு குறையும். ஆக, ஒரு கிலோ தூளுக்கு ஏழு கிலோ பழம். பத்து கிராம் தூள் போட்டு இறக்கும் ஒரு டம்ளர் காபிக்கு ஏறக்குறைய நாற்பது பழம். ஒவ்வொன்றையும் ஒரு கை பார்த்துப் பறித்திருக்கிறது.

இந்தக் கணக்கைத் தறியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொன்னேன். நாடாவை நிறுத்திவிட்டு, "ஒரு புடவைக்கு எத்தனை பட்டுக்கூடுன்னு எண்ணிப் பார்த்திருக்கியா? ஆயிரக்கணக்குல போவும். அதை யாரு கேக்கறாங்க?" என்றார்.

விலையை யார் போடுகிறார்கள்?

அவர் கேட்டது காபிக்கும் பொருந்தும். ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் தறி வைத்திருக்கும் பலர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டுச் செலவுக்கு முன்பணம் வாங்கியிருந்தால், அது அடையும்வரை வேறு இடத்துக்கு நெய்ய முடியாது. அந்தப் புடவை கடையில் என்ன விலைக்குப் போயிற்று, யார் கல்யாணத்தில் யார் உடுத்தினார்கள் என்பது நெய்தவருக்குத் தெரியாது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இருந்தும் புடவையின் எந்த மடிப்பிலும் நெய்தவர் பெயர் இருக்காது.

சிறு காபி விவசாயியின் நிலையும் இதற்கு அண்ணன் தம்பிதான். இந்தியாவில் காபி பயிரிடுவோரில் மிகப் பெரும்பாலானவர்கள் பத்து ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் உள்ளவர்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அறுவடையானதும் அவரிடமே கொடுக்க வேண்டும். விலை என்னவோ கடல் கடந்து முடிவாகும். அராபிகாவுக்கு நியூயார்க் சந்தை, ரொபஸ்டாவுக்கு லண்டன் சந்தை. பிரேசிலில் உறைபனி விழுந்தால் இங்கே விலை ஏறும். அங்கே விளைச்சல் கொழித்தால் இங்கே இறங்கும்.

உலக நாடுகள் ஒதுக்கீடு வைத்து விலையைத் தாங்கிப் பிடித்த காபி ஒப்பந்தம் 1989இல் முறிந்தது. அதன்பின் வியட்நாமின் விளைச்சலும் பெருகியது. 2001இல் அராபிகா ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், 50 அமெரிக்க சென்டுக்கும் கீழே விழுந்தது. அதே காபி 2025 பிப்ரவரியில் நான்கு டாலரைத் தாண்டியது. இரண்டு காலத்திலும் கல்யாண முருங்கையின் நிழல் ஒன்றுதான், பழம் பறித்த கையின் உழைப்பும் ஒன்றுதான். விலை மட்டும் எட்டு மடங்கு ஆடியிருக்கிறது.

இந்தியாவில் இன்னொரு பூட்டும் இருந்தது. 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி காபி வாரியம் அமைந்தது. விளைந்த காபி அனைத்தையும் வாரியத்தின் பொதுக் கிடங்கில் சேர்த்துவிட வேண்டும். எல்லார் காபியும் ஒன்றாகக் கலந்து ஏலத்துக்குப் போகும். பணம் தவணை தவணையாக வரும். போர்க்காலத்தில் சந்தையை இழந்து தவித்த விவசாயிகளைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு வந்தது, காப்பாற்றவும் செய்தது. ஆனால் கூடுதல் கவனத்தோடு பறித்துக் காயவைத்தவர் தன் காபியைத் தன் பெயரில் விற்க முடியாத நிலையும் அதனால் வந்தது. 1990களில் இந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழுவதும் நீங்கியது. தோட்டத்திலிருந்து நேராக விற்பனை என்ற பேச்சே அதன் பிறகுதான் சாத்தியமானது.

மலையிலிருந்து வந்த பெயர்கள்

பெயரோடு விற்கும் முயற்சிக்கு உலக அளவில் ஒரு தொடக்கம் 1988. மெக்சிகோவின் சிறு விவசாயிகள் விளைவித்த காபியை, குறைந்தபட்ச விலை உறுதியோடு, மாக்ஸ் ஹாவலார் என்ற முத்திரை இட்டு நெதர்லாந்தில் விற்றார்கள். ஜாவாத் தீவு மக்களைக் காபிக்காகக் கசக்கிப் பிழிந்ததைக் கண்டித்து 1860இல் வந்த டச்சு நாவலின் பெயர் அது. நியாய வணிக முத்திரைகள் இந்த வேரிலிருந்து வளர்ந்தவை.

நமக்குப் பக்கத்து உதாரணம் ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கு. அங்குள்ள ஆதிவாசிக் குடும்பங்கள் நாந்தி அறக்கட்டளையின் துணையோடு கூட்டுறவாகத் திரண்டு, மண்ணைத் தேற்றி, பழுத்த பழத்தை மட்டும் பறிக்கப் பழகி, அரக்கு என்ற தங்கள் ஊர்ப் பெயரிலேயே காபியைக் கொண்டுவந்தார்கள். 2017இல் பாரிஸ் நகரத்தில் அந்தப் பெயரில் கடை திறந்தது. அரக்கு அராபிகாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தமிழ்நாட்டில் நான் நெஞ்சில் வைத்திருக்கும் பெயர் ஆதிமலை. கோத்தகிரியை மையமாகக் கொண்டு, நீலகிரி உயிர்க்கோளப் பகுதியின் பழங்குடி மக்கள் 2013இல் தொடங்கிய உற்பத்தியாளர் நிறுவனம் அது. பங்குதாரர்களும் அவர்கள்தான், நடத்துபவர்களும் அவர்கள்தான். தேன், மிளகு, இலவம் பஞ்சு இவற்றோடு காபியையும் தாங்களே வாங்கி, பதப்படுத்தி, விற்கிறார்கள். 2021இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வழங்கும் ஈக்குவேட்டர் பரிசு ஆதிமலைக்குக் கிடைத்தபோது, அதில் சுமார் 1,700 உறுப்பினர்கள் இருந்தார்கள். 147 கிராமங்கள் பயன்பெற்றன. தோட்ட வேலைக்குக் கூலியாக அழைக்கப்பட்டு வந்த மக்கள், தங்கள் காபிக்குத் தாங்களே விலை சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

நேராக விற்பதன் பாரம்

இடைத்தரகரை எடுத்துவிட்டால் லாபம் முழுக்க விவசாயிக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இடைத்தரகர் செய்த வேலை எங்கும் போய்விடாது, விவசாயியின் தலையில் ஏறும். பதப்படுத்த வேண்டும், வறுக்க வேண்டும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும், உறை வாங்க வேண்டும், பார்சல் அனுப்ப வேண்டும், போனில் வரும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பறிப்பு நாளில் கூலியை வாராவாரம் கொடுத்தாக வேண்டும். காபி விற்றுப் பணம் வருவதோ மாதக்கணக்கில். அந்த இடைவெளியைத்தான் வியாபாரியின் முன்பணம் நிரப்பிக்கொண்டிருந்தது. அதனால் ஆதிமலை, அரக்கு போலக் கூட்டாகச் சேர்ந்தவர்களால் நிற்க முடிகிறது. தனியாக விற்பவர்களுக்கு, மாதாமாதம் இவ்வளவு தூள் என்று முன்கூட்டியே சொல்லிப் பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் பெரிய தெம்பு.

குடிப்பவருக்கும் இதில் பலன் உண்டு. வறுத்த கொட்டை சில நாட்களுக்குக் கரியமில வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் நல்ல உறைகளில் காற்றை வெளியே மட்டும் விடும் பொத்தான் போன்ற ஒரு வால்வு இருக்கும். அரைத்துவிட்டால் மணம் வேகமாகப் பறந்துபோகும். கடை அலமாரியில் எத்தனை மாதம் இருந்தது என்று தெரியாத தூளுக்கும், போன வாரம் வறுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூக்கே சொல்லிவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேர் விற்பனை என்ற சொல் மட்டுமே நேர்மைக்குச் சான்றாகாது. தோட்ட முதலாளி நேராக விற்றாலும், பறிப்பவரின் கூலி பழைய கூலியாகவே இருக்கலாம். பல்பர் ஓடியபின் வரும் கழிவுநீரில் சர்க்கரையும் பசையும் நிறைந்திருக்கும். அதை அப்படியே ஓடையில் விட்டால் தண்ணீரின் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும். ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டும். எந்த மலை, எந்த உயரம், எந்த இனம்? எந்த ஆண்டு அறுவடை, எந்தத் தேதியில் வறுத்தது? பறிப்பவர்களுக்கு எப்படிக் கூலி கொடுக்கிறீர்கள்? கழிவுநீர் எங்கே போகிறது? தோட்டத்தில் என்னென்ன மரம் நிற்கிறது? உண்மையாகச் செய்கிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை. மரத்தின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அப்படி நேராக வந்த தூளில் கொஞ்சம் கொடுத்தேன். சிக்கரி இல்லாததால் டிகாஷன் கொஞ்சம் லேசாக இருக்கிறது என்றார், வாசம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு காலி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலையின் பெயர், அறுவடை செய்த மாதம், வறுத்த தேதி, விளைவித்த கூட்டத்தின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. உறையைத் தூக்கிப் போடாமல் தறிக் கம்பத்தில் செருகி வைத்தார்.

அடுத்த வாரம் அவர் ஒரு புடவையை அறுத்து மடித்தபோது, மகளைக் கூப்பிட்டு ஒரு சீட்டில் எழுதச் சொன்னார். ஊர் ஆரணி. நெய்ய ஆன நாட்கள். கீழே அவர் பெயர். அதை உள் மடிப்பில் வைத்துக் கொடுத்தனுப்பினார். அந்தச் சீட்டு வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அறுக்கும் ஒவ்வொரு புடவையிலும் அவர் ஒரு சீட்டு வைக்கிறார்.